துடைத்துவிட்டுப் பார்

பேத்தியைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள் என் மனைவி. பவுடர் டப்பாவின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டிருந்தன. உள்ளங்கையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டியதும் பாதி டப்பா மெத்தை மேல் கொட்டி, அறை முழுக்கப் பறந்தது. "என்னங்க, அந்த சன்னலைத் திறங்களேன்" என்றாள். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. பவுடர் வாசனைக்குப் பின்னாலேயே இன்னொரு வாசனையும் வந்து மூக்கில் உட்கார்ந்துவிட்டது. டீசல்.

வீட்டில் ஒரு சொட்டு டீசல் கிடையாது. பட்டறைச் சட்டையை வாசலைத் தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்பது கல்யாணமான புதிதிலேயே போடப்பட்ட சட்டம். இன்றுவரை அமலில் இருக்கிறது. ஆனாலும் குழந்தைப் பவுடரை நுகர்ந்தால் எனக்கு டீசல் ஞாபகம் வராமல் இருக்காது. லங்காவியில் பாய்மரப் படகுகளின் எஞ்சின்களைப் பழுது பார்த்துப் பிழைத்தவன் நான். பழைய படகில் எங்கே எண்ணெய் கசிகிறது என்று கண்டுபிடிக்க அந்த நாளில் என்னிடம் இருந்த ஒரே கருவி இந்த டப்பாதான். சந்தேகப்படுகிற இணைப்பை ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்து, சின்ன பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு மேலே பூசிவிட வேண்டும். பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்க வேண்டும். கசிவு இருக்கிற இடத்தில் வெள்ளை மறைந்து சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி விழும். கொஞ்ச நேரத்தில் அந்தப் புள்ளிக்கு ஒரு வால் முளைக்கும். வால் போகிற திசை நமக்கு வேண்டாம். புள்ளி தொடங்கிய இடம்தான் வேண்டும்.

குவா டவுனில் எனக்கு வாடிக்கையான மளிகைக் கடைக்காரர் ஒரு மலாய்க்காரர். நான் டஜன் கணக்கில் குழந்தைப் பவுடர் வாங்குவதைப் பார்த்துவிட்டு, "உனக்கு மொத்தம் எத்தனை பிள்ளைகள்?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார். பெர்க்கின்ஸ், யன்மார், வோல்வோ என்று நான் பெயர்களை அடுக்கினேன். அதற்குப் பிறகு என்னைக் கண்டாலே பிள்ளைகளை விசாரிப்பார்.

இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா. அவர் படகு ஏறியவர் இல்லை. கடலையே நாலைந்து தடவைக்கு மேல் பார்த்திருக்க மாட்டார். கெடாவில், சுங்கை பட்டாணிக்கு அந்தப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எஞ்சின் டிரைவராக இருந்தார். ரயில் ஓட்டுகிறவர் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். தோட்டத்துத் தொழிற்சாலையில் ஒரு ரஸ்டன் எஞ்சின், ஆள் உயரச் சக்கரத்தோடு நின்றது. அதன் பெல்ட்டில்தான் பால் ஷீட் பிழியும் உருளைகள் ஓடும். கங்காணிக்கும் கிராணிக்கும் நடுவில் ஓர் இடம் எஞ்சின் டிரைவருக்கு. லயத்துப் பெண்கள் எங்கள் அம்மாவை "எஞ்சின் வீட்டுக்காரம்மா" என்பார்கள். அம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அப்பா விடியலுக்கு முன்பே போய் எஞ்சினைத் துடைப்பார். ஓட்டி முடித்துச் சாயங்காலம் மறுபடியும் துடைப்பார். கையில் எப்போதும் ஒரு பிடி காட்டன் வேஸ்ட். காலையில் துடைத்ததில் ஏதாவது ஈரம் ஒட்டினால் அது ராத்திரி வந்த ஈரம். சாயங்காலத்து ஈரம் ஓட்டத்தில் வந்தது. இரண்டையும் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்து, எஞ்சின் ஆயிலா டீசலா தண்ணீரா என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். ஒருதரம் எஞ்சினுக்கடியில் சிமெண்டுத் தரையில் எண்ணெய் படர்ந்திருந்தது. உதவியாள் பையன் நேராகப் பம்ப்பைக் காட்டி, "அதுதாங்க, கழட்டட்டுங்களா?" என்றான். "துடைச்சிட்டுப் பாரு" என்றார் அப்பா. மண்ணெண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் கழுவித் துடைக்க வைத்தார். பக்கத்துக் கொட்டகையில் ரப்பர் பேல்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க மேலே பூசுகிற டால்க் தூள் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். அதில் ஒரு கை அள்ளிவந்து குழாய்கள் மேலெல்லாம் ஊதினார். பம்ப் வெள்ளையாகவே இருந்தது. அதற்கு மேலே, கண்ணுக்கு நேரே, யாரும் சந்தேகப்படாத ஒரு நட்டின் கழுத்தில் கறுப்புக் கோடு விழுந்தது. அங்கிருந்து டீசல் குழாயின் அடிவயிற்றோடு ஊர்ந்து போய்ப் பம்ப்பின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

டீசலின் குணம் அது. தண்ணீர் மாதிரி விழுந்த இடத்தில் நிற்காது. மெல்லிய படலமாக உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு நடக்கும், வளைவுகளில் திரும்பும், வயர் மேல் ஏறிப் பயணம் செய்யும், எல்லாவற்றுக்கும் தாழ்வான இடம் கிடைத்த பிறகுதான் சொட்டாக விழும். ஈரம் தெரிகிற இடத்தில் ஸ்பேனர் போடுகிறவன் பாதி நாள் ஒரு நல்ல நட்டைத்தான் இறுக்கிக்கொண்டிருப்பான்.

பினாங்கில் வெல்ட் கீ ஓரத்துப் பட்டறை ஒன்றில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மீசை சரியாக முளைக்கவில்லை. தவுக்கே, அதாவது முதலாளி, ஹொக்கியன்காரர். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. இரண்டு பேரும் பாசார் மலாயில் திட்டிக்கொள்வோம். மீன்பிடிப் படகுகள்தான் வேலை. அவரிடம் கற்றதில் ஒன்று செப்பு வாஷர். டீசல் குழாய் வந்து சேருகிற இடத்தில் நடுவே துளையுள்ள ஒரு போல்ட் இருக்கும், பேஞ்சோ போல்ட் என்போம். அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு செப்பு வாஷர்கள். இறுக்கும்போது செம்பு நசுங்கி மேடு பள்ளத்தை நிரப்புகிறது; அதனால்தான் அடைக்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு கடினப்பட்டுவிடும். அதையே திரும்பப் போட்டு எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும், கடைசியில் போல்ட்தான் முறியும். புது வாஷர் கையில் இல்லையென்றால் பழையதைக் கம்பியில் கோத்து நெருப்பில் காட்டுவார் தவுக்கே. செக்கச்செவேலென்று வந்ததும் தண்ணீர் டின்னில் போடுவார். 'சுர்ர்' என்று ஒரு சத்தம். இரும்பை அப்படிச் செய்தால் இறுகிப் போகும், செம்பு இளகிவிடும். மேலே படிந்த கரியை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு, விரல் நகத்தால் அழுத்திப் பார்த்து என்னிடம் நீட்டுவார். "இப்போ போடு."

1987-இல் லங்காவியைத் தீர்வையற்ற தீவாக அறிவித்தார்கள். சாக்லேட்டும் பீங்கான் பாத்திரமும் வாங்க ஜனங்கள் கோலா பெர்லிஸிலிருந்து படகேறினார்கள். மரினாக்கள் பின்னால் வந்தன. வெளிநாட்டுப் பாய்மரப் படகுகள் மழைக்காலத்துக்கு ஒதுங்கவும், பழுது பார்க்கவும், சாமான் வாங்கவும் வர ஆரம்பித்தன. நானும் என் டூல்பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தீவுக்கு வந்துவிட்டேன். மீன்பிடிப் படகில் டீசல் நாற்றத்தை யாரும் ஒரு குறையாகச் சொன்னதே இல்லை. பாய்மரப் படகு அப்படியில்லை. அதில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். எஞ்சினுக்கு மேல்தான் படிக்கட்டு, படிக்கட்டுக்குப் பக்கத்தில் அடுப்பு, இரண்டு எட்டில் படுக்கை. ஒரு தேக்கரண்டி டீசல் படகின் அடிப்பள்ளமான பில்ஜில் விழுந்தால் தலையணை உறைவரைக்கும் மணக்கும். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரை மோட்டார் வெளியே தள்ளும்போது அந்தத் தேக்கரண்டியும் சேர்ந்து போய், மரினாத் தண்ணீரில் வானவில் படலமாக விரிந்து, பக்கத்துப் படகுக்காரரைச் சண்டைக்கு இழுக்கும். சண்டையோடு போனால் பரவாயில்லை. 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி மலேசியக் கடலில் எண்ணெய் விடுவது குற்றம்.

அந்தக் காலத்தில் வந்த படகுகளில் பாதி எழுபதுகளில் கட்டியவை. பெரும்பாலும் உள்ளே பெர்க்கின்ஸ் 4-108 உட்கார்ந்திருக்கும். நாலு சிலிண்டர், 108 கன அங்குலம் என்பதுதான் அந்தப் பெயருக்கு அர்த்தம். இங்கிலாந்தில் பீட்டர்பரோவில் செய்தது. அதன் பக்கவாட்டில் கையடக்கமாக ஒரு பம்ப், தொட்டியிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. சவ்வு கிழிந்தால் டீசல் வெளியேயும் சொட்டலாம், வெளியே சொட்டாமல் எஞ்சினுக்குள்ளேயும் இறங்கலாம். இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் யார் கண்ணிலும் படாது.

ஒரு வெள்ளைக்காரர் வந்தார், ரொம்ப உற்சாகமான மனுஷன். டீசல் வாசனை வருகிறது என்று கூப்பிட்டவர், அதைச் சொல்வதை விட்டுவிட்டு எஞ்சின் பெருமையைப் பாடினார். தாய்லாந்திலிருந்து இத்தனை மணி நேரம் ஓட்டியும் ஒரு சொட்டு ஆயில் குறையவில்லையாம், பாருங்கள் என்று அளவுக்குச்சியை உருவிக் காட்டினார். குறையாதது என்ன, மேல்கோட்டையும் தாண்டி ஏறியிருந்தது. நான் குச்சியை வாங்கி முகர்ந்துவிட்டு அவர் மூக்கருகே நீட்டினேன். உற்சாகம் அப்படியே இறங்கிவிட்டது. டீசல் கலந்த ஆயில் கஞ்சித் தண்ணீராகிவிடும். பேரிங்குகள் எத்தனை நாள் தாங்கும்? நல்லவேளை, சீக்கிரம் பார்த்தோம். சவ்வை மாற்றி, ஆயிலை வடித்து, புது ஆயில் ஊற்றி ஓட்டி, அதையும் வடித்துப் புதிது ஊற்றினோம். வயதான எஞ்சின் ஆயில் குடிக்கவில்லை என்று யாராவது சந்தோஷப்பட்டால் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு ஜோடி, நியூசிலாந்துக்காரர்கள். அறுபதைத் தாண்டியவர்கள். தைவானில் கட்டிய கனமான படகு, முன்னும் பின்னும் கூராக இருக்கும், மேல்தளம் முழுக்கத் தேக்கு. அந்த வகைப் படகுகளில் டீசல் தொட்டியைக் கறுப்பு இரும்புத் தகட்டில் செய்து, முன்பக்கத்துப் படுக்கைக்கு அடியில் வைத்திருப்பார்கள். 300 லிட்டருக்கு மேல் பிடிக்கும். எஞ்சின் இருப்பதோ படகின் பின்பாதியில். இவர்கள் படகில் டீசல் தேங்கியது எஞ்சினுக்கு அடியில். ஆகவே ஆளாளுக்கு எஞ்சினைத்தான் குடைந்திருந்தார்கள். குழாய்களில் பாதி புதுசு. வடிகட்டி புதுசு. இணைப்புகளிலெல்லாம் வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றிவைத்திருந்தார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். டீசல் குழாயில் அந்த டேப் கூடாது. இறுக்கும்போது நூல் நூலாகக் கிழிந்து உள்ளே போய் இஞ்செக்‌ஷன் பம்ப்பின் நுண்ணிய வழிகளில் சிக்கும். சிலிக்கோன் பசையும் அப்படித்தான், டீசல் பட்டால் உப்பி, நொதுநொதுத்து, கையோடு வந்துவிடும்.

துடைத்தேன், பவுடர் பூசினேன், எஞ்சினை ஓடவிட்டேன். இஞ்செக்டர்களின் மிச்ச டீசல் தொட்டிக்குத் திரும்புகிற மெல்லிய செப்புக் குழாயில் ஒரு வாஷர் அழுதது. சரிசெய்தேன். அது ஒரு நாளைக்கு ஒரு மூடி அளவு. பில்ஜில் இருந்ததோ வாளிக் கணக்கு. கட்டுத்துறையில் படகு நிற்கும்போது தாள் வைத்தாலும் பவுடர் வைத்தாலும் மறுநாள் எல்லாம் உலர்ந்தே இருந்தன. பெரியவர் சோர்ந்துவிட்டார். யாரோ ஒருவர் அவரிடம் கம்ப்ரெஸர் வைத்துத் தொட்டிக்குள் காற்றடித்துப் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் வேண்டாம் என்றேன். தொட்டி தட்டைத் தகடு. 3 பிஎஸ்ஐ அழுத்தம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். ஒரு சதுர அடித் தகட்டின் மேல் அது 432 பவுண்டு, கிட்டத்தட்ட 196 கிலோ. கம்ப்ரெஸர் அதைப்போலப் பல மடங்கு கொடுக்கும். முப்பது வருஷத் துரு பிடித்த தகடு வயிறு உப்பி வெல்டு விட்டுவிட்டால், இல்லாத ஓட்டையை நாமே உண்டாக்கிய கதையாகிவிடும்.

முடிச்சை அவிழ்த்தது அந்த அம்மாள்தான். அவர் ஒரு நோட்டில் தினமும் எழுதுவார்: காற்று, அலை, என்ன சமைத்தார்கள், யாருக்குத் தலைவலி. நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கங்களைப் புரட்டினார். லங்காவியிலிருந்து பூக்கெட்டுக்குப் போகும் வழியில் டீசல் வாசனை என்று எங்கும் எழுதவில்லை. திரும்பி வரும் வழியில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறது. ஒரே படகு, ஒரே எஞ்சின், இரண்டு தரமும் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் புறப்பட்டிருக்கிறார்கள்.

அது வடகிழக்குக் காற்றின் மாதம். பூக்கெட்டிலிருந்து லங்காவிக்குத் தென்கிழக்காக வர வேண்டும். காற்று இடப்பக்கம் அடிக்கும், படகு வலப்பக்கம் சாயும், வழி நெடுகச் சாய்ந்தேதான் வரும். போகும்போது எதிர்ப்பக்கச் சாய்வு. எஞ்சின்காரன் எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தால் இது புரியாது. கரையில் நிமிர்ந்து நிற்கிற படகில் அந்தக் கசிவு பிறக்கவே பிறக்காது. தொட்டியை நிரப்பச் சொல்லி, மறுநாள் காலை மூவருமாகக் கடலுக்குப் போனோம்.

ரெபாக் தீவைத் தாண்டியதும் நல்ல காற்று. பெரியவர் சுக்கானைப் பிடித்துக்கொண்டார். அம்மாள் பாய்க் கயிற்றை இழுத்து இறுக்க, படகு வலப்பக்கம் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. நான் முன்னறைப் படுக்கைப் பலகையைத் தூக்கிவிட்டு, தலையை உள்ளே விட்டுக் குப்புறப் படுத்தேன். தொட்டியின் மேல்தகட்டில் வலப்பக்க ஓரமாக ஒரு மூடி, கழுவுவதற்குக் கை விடும் வாய். சுற்றிலும் போல்ட்டுகள். கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்து, ஒற்றைத் தாள் டிஷ்யூவைக் கிழித்து ஒவ்வொன்றின் கழுத்திலும் மாலையாகப் போட்டிருந்தேன். டார்ச் வாயில். படகின் மூக்கு அலையில் ஏறி இறங்குகிறது, ஒவ்வொரு இறக்கத்துக்கும் தொட்டிக்குள் டீசல் 'தொப்' என்று மூடியின் அடியில் வந்து மோதுகிறது. காலையில் சாப்பிட்ட ரொட்டி சானாய் எந்த நேரமும் வெளியே வரலாம் என்கிற நிலை.

முதலில் ஒரு தாள் ஓரத்தில் ரோஜா நிறமாக ஈரம் ஏறியது. டார்ச் வெளிச்சத்தில் அப்படித் தெரிந்தது. அடுத்ததும் ஏறியது. மூன்றாவதும். மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கெட் நன்றாகத்தான் இருந்தது, ஓரமெல்லாம் உலர்ந்திருந்தது. போல்ட்டின் மரையைச் சுற்றிக்கொண்டு டீசல் மேலே வருகிறது. தகட்டில் போல்ட்டுக்குப் போட்ட துளை முழுக்க உள்ளே திறந்திருக்கிறது. சாயும்போது அந்தப் பக்கம் டீசலுக்குள் முங்கிவிடுகிறது, மரை வழியே ஏறி வருகிறது. வந்தது மேல்தகட்டில் வழிந்து, படகின் உட்சுவரோடு இறங்கி, பாய்மரத்தின் காலைச் சுற்றி, குடிநீர்த் தொட்டிக்கு அடியில் நுழைந்து, எஞ்சினுக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் போய்ச் சேர்கிறது. இருபது அடிக்கு மேல் நடந்திருக்கிறது.

"கிடைத்துவிட்டது" என்று கத்தினேன். டார்ச் விழுந்துவிட்டது. மேலே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு காற்றை விழுங்கினேன். அம்மாள் ஒரு துண்டு இஞ்சி கொடுத்தார்.

செய்த வேலை சின்னதுதான். பாதித் தொட்டி டீசலை ஜெர்ரிகேன்களில் எடுத்துவிட்டு, மூடியைக் கழற்றி, நைட்ரைல் ஷீட்டில் புது கேஸ்கெட் வெட்டினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் உள்ளே ரப்பர் வளையம் வைத்த வாஷர், மரைக்கு டீசல் தாங்குகிற பசை. மேல்தகட்டில் ஒரு பக்கம் துரு அடை அடையாக எழுந்திருந்தது. தேக்குத் தளத்தின் வழியே இறங்கிய உப்புத் தண்ணீர் அங்கே வருஷக்கணக்காகத் தேங்கியிருக்கிறது. இரும்புத் தொட்டிக்கு டீசல் பகையே இல்லை, தண்ணீர்தான் பகை. மேலே தளத்திலிருந்து விழுவது ஒன்று, உள்ளே அடியில் சேர்வது ஒன்று. ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிக் காட்டி, "இன்னும் சில வருஷம் ஓடும், அவ்வளவுதான்" என்றேன். பெரியவர் கணக்குப் பார்த்து, "எங்களுக்கும் அப்படித்தான்" என்றார். கூலியோடு ஒரு பாட்டில் தேன் கொடுத்தார்கள். அவர்கள் ஊர்த் தேன், மருந்து வாசனை அடிக்கும். மனைவி அதை டீசல் தேன் என்று சொல்லி ரொம்ப நாள் திறக்கவேயில்லை.

வெளியே ஒழுகாத கசிவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தொட்டி தாழ்வாகவும் எஞ்சின் உயரமாகவும் இருந்தால், பம்ப் டீசலை உறிஞ்சித்தான் எடுக்கும். அந்தப் பாதையில் ஒரு வாஷர் தளர்ந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். துணி உலர்ந்திருக்கும், பவுடர் வெள்ளையாக இருக்கும், எஞ்சின் மட்டும் மரினா வாசலில், பக்கத்துப் படகு உரசுகிற இடத்தில், இருமிவிட்டு நிற்கும். இதற்கு நான் செய்வது, குழாயின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒளி புகும் பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் போட்டு, குமிழி போகிறதா என்று பார்ப்பது. வடிகட்டிக்கு முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. குமிழி எங்கே தொடங்குகிறதோ அதற்கு முந்தைய இணைப்பு. பெரும்பாலும் வடிகட்டியின் தலையில் காற்று எடுக்கிற திருகுக்கு அடியில்தான் இருக்கும். போகிறவன் வருகிறவன் எல்லாம் திறந்து மூடுகிற திருகு அது; வாஷரை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

அப்பா வேலை பார்த்த தோட்டம் இப்போது இல்லை. பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். ஆட்கள் தேவை குறைந்தது, லயங்கள் காலியாயின, தொழிற்சாலைக் கூரையைப் பிரித்து எடுத்துப் போனார்கள். ரஸ்டன் எஞ்சின் எங்கே போனதென்று தெரியாது. நாங்கள் ஊரை விட்டது அந்தச் செம்பனையால்தான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் செம்பனை என்னைப் படகுவரை தேடி வரும் என்று நான் நினைத்ததில்லை. 2011-இல் டீசலில் நூற்றுக்கு 5 பங்கு பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலைக் கலக்க ஆரம்பித்தார்கள். 2014 கடைசியில் அது 7 பங்கானது. 2020 தொடக்கத்தில் 20 பங்கு கலந்த டீசலை நாட்டிலேயே முதலில் விட்டது எங்கள் லங்காவியில். லாரிக்கும் பஸ்ஸுக்கும்தான் என்றாலும், படகுக்காரர்கள் பலர் ஜெர்ரிகேனோடு போய் நிற்பதும் அதே நிலையத்தில்தானே.

பயோடீசல் பழைய ரப்பரைத் தின்னும். இயற்கை ரப்பர் குழாய் ஊறிப்போய்ப் பிசுபிசுக்கும்; நைட்ரைல் வளையங்களும் நாளாவட்டத்தில் உப்பித் தளரும். கூடவே தொட்டியின் அடியில் வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கைக் கரைத்துக்கொண்டுவந்து வடிகட்டியில் அடைக்கும். தண்ணீரையும் சாதா டீசலைவிட அதிகம் இழுத்துக்கொள்ளும். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து படகுகள் மாதக்கணக்கில் அசையாமல் நின்றபோது, தொட்டிகளுக்குள் கறுப்பாக, வழுவழுவென்று கிருமி வளர்ந்தது. திறந்தால் அழுகின வாடை. அந்தச் சமயத்தில் நான் மாற்றிய குழாய்களில் பல, வெளியே கைபட்டால் மை மாதிரி ஒட்டின. வீட்டில் இதை அம்மாவின் படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். செம்பனை ரப்பரை விடவே இல்லை, அம்மா.

குழாய் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கார்க் கடையில் கிடைக்கும் எண்ணெய்க் குழாய் விலை குறைவுதான். படகுக்கு அது ஆகாது. குழாயின் மேலேயே ஐஎஸ்ஓ 7840 என்று அச்சடித்திருப்பதைத் தேடி வாங்க வேண்டும். தீப்பிடித்தால் இரண்டரை நிமிடம் தாங்குகிறதா என்று சோதித்த வகை. கடலில் இரண்டரை நிமிடம் என்பது தீயணைப்பானை எடுத்து, ஊசியை உருவி, அடிப்பதற்குள்ள நேரம்.

இப்போது பட்டறையை மகன் பார்க்கிறான். அவனிடம் பாம்பு மாதிரி வளையும் கேமரா இருக்கிறது. தொட்டிக்குப் பின்னால் நுழைத்துக் கைப்பேசியில் படம் பார்க்கிறான். டீசலில் கலந்து நீல விளக்கில் பச்சையாக ஒளிரும் சாயமும் வைத்திருக்கிறான். நல்ல சாமான்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. படகுக்காரர்கள்தான் மாறிவிட்டார்கள். முன்பு எஞ்சின் பெட்டியைத் திறந்தால் சொந்தக்காரரும் பக்கத்தில் குந்தியிருப்பார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், தேநீர் வரும், பிள்ளைகள் கதை வரும், நடுவில் எங்கிருந்தோ ஒரு தடயமும் வந்து விழும். இப்போது விமான நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஈரமான ஒரு குழாயின் படம் வருகிறது, கீழே "மாற்றிவிடுங்கள்" என்று ஒரு வரி. அந்த அம்மாளின் நோட்டு மாதிரி ஒன்றை எந்தக் கேமராவை நுழைத்து எடுப்பது?

போன மாதம் ஒரு பையன் வந்தான், முப்பது வயது இருக்கும், ஈப்போக்காரத் தமிழன். வேலையை விட்டுவிட்டு, கவனிப்பாரற்றுக் கிடந்த ஒரு தைவான் படகைச் சல்லிசாக வாங்கியிருக்கிறான். அதே மாதிரி இரும்புத் தொட்டி. "அங்கிள், ஓட்டை எங்கேன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுத்தா போதும், நானே அடைச்சுக்குவேன்" என்றான். தொட்டியின் அடியில் கையை விட்டுத் தடவினேன். தகடு விரலுக்கு வளைந்தது. ஓட்டை என்று தனியாக ஒன்று இல்லை, அடிப்பகுதி மொத்தமுமே வேர்த்துக்கொண்டிருந்தது. இதற்குப் பவுடரும் வேண்டாம், சாயமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

படகைக் கட்டும்போது முதலில் தொட்டியை வைத்துவிட்டு, அதைச் சுற்றி மரவேலையை முடித்திருக்கிறார்கள். முழுசாக வெளியே எடுக்கக் கதவு போதாது. ஆகவே டீசலை எடுத்து, சோப்புத் தண்ணீர் விட்டு மறுபடி மறுபடி கழுவி, நாற்றம் அடங்கிய பிறகு, தீப்பொறி பறக்கும் கிரைண்டரைத் தொடாமல், அறுப்பு ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து எடுத்தோம். பையன் முகமூடியோடு வேர்த்து வழிய, ஒவ்வொரு துண்டையும் தானே தூக்கிக் கரைக்குக் கொண்டுபோனான். பழைய இரும்புக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார்.

பெரிய தொட்டி ஒன்றுக்குப் பதிலாக அலுமினியத்தில் சின்னதாக இரண்டு செய்யலாம் என்பதில் எனக்கும் மகனுக்கும் கருத்து ஒன்றுதான். ஒன்றில் அழுக்கு வந்தால் மற்றதைத் திருப்பிவிட்டுக் கரைசேரலாம். மூடி எங்கே வைப்பது என்பதில்தான் சண்டை. கை விட்டுக் கழுவ வசதியாக ஓரத்தில் வேண்டும் என்கிறான் அவன். நடுக்கோட்டில், எந்தப் பக்கம் சாய்ந்தாலும் டீசல் எட்டாத இடத்தில் வைக்கச் சொல்கிறேன் நான். "அப்போ மூலையை எப்படிப்பா கழுவறது?" என்கிறான். அதுவும் நியாயமான கேள்விதான். தகடு வியாழக்கிழமை பட்டர்வொர்த்திலிருந்து வருகிறது. அதற்குள் அட்டையில் ஒரு மாதிரி வெட்டி, தொட்டி உட்காரும் இடத்தில் வைத்து, என் கை எவ்வளவு தூரம் போகிறது, அவன் கை எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்துவிடலாம் என்றிருக்கிறோம்.